சிக்கல் கண்மாயில் கரையேறிய ஆவுளியா

சிக்கல் ஊர்க் கண்மாய்க்கு அடியில் ஆவுளியா கிடக்கிறதாம் என்று போன ஆவணியில் ஒரு பேச்சு கிளம்பியது. ஆவுளியா என்றால் கடல்பசு. கடலுக்கடியில் புல் மேய்ந்துகொண்டு, யாருடைய வம்புக்கும் போகாத பிராணி. சிக்கல்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏற வேண்டும். கடல்பசு எந்த பஸ் ஏறிச் சிக்கலுக்கு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாறாக, ஆவுளியாவோடு முத்துச்சிப்பியும், முத்துச்சிப்பியோடு பீங்கான் ஜாடியும், ஜாடியை ஏற்றி வந்த கப்பலும் ஒரே வாரத்தில் கண்மாய்க்கு அடியில் போய்ச் சேர்ந்தன. பத்தாம் நாள் மனைத் தரகர் முனீஸ்வரன் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பிளெக்ஸ் பலகை நட்டுவிட்டார்: 'முத்து நகர். கடல் வாழ்ந்த பூமி. முதலில் வருபவருக்கு மூலை மனை.'

பேச்சின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால், டீக்கடைக்காரர் மிளகாய் மண்டிக்காரரைக் கைகாட்டினார். மண்டிக்காரர் தன் மச்சினனைக் காட்டினார். மச்சினன் தன் கைபேசியைக் காட்டினார். கைபேசியில் ஒரு வரைபடம். சிக்கலைச் சுற்றி அம்மை வார்த்த மாதிரி முந்நூற்றுப் பன்னிரண்டு நீலப் புள்ளிகள். கண்மாய்மேல் இருந்த புள்ளியைத் தொட்டதும் எழுத்து விரிந்தது: 'ஆவுளியா மண்டையோடு. கண்டெடுத்த இடம் இதுவே.' அதற்குக் கீழே, பாம்பன் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கடல்பொருள் அருங்காட்சியகத்தின் பெயர். அதற்கும் கீழே பொடி எழுத்தில்: 'பதிவேற்றியவர்: டிஜிட்டல் சாம்பியன் வில்பிரட்.'

வாலைப் பிடித்து வந்ததில் தலை கிடைத்துவிட்டது. அந்தத் தலை அப்போது அருங்காட்சியகத்தில் கடல்குதிரை ஜாடிக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தது.

வில்பிரட்டுக்கு ஐம்பத்தாறு வயது. தங்கச்சிமடத்துக் கடல்காரக் குடும்பத்தில் நான்காவது பிள்ளை. அப்பாவுக்கு வள்ளம் இருந்தது, அண்ணன் சவேரியாருக்கு விசைப்படகு இருக்கிறது. வில்பிரட்டுக்கு இருந்ததெல்லாம் வாந்தி. பதினாறு வயதில் முதன்முதலாகக் கடலுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். கயிற்றை அவிழ்த்த கால் மணி நேரத்தில் ஆரம்பித்தவர், திரும்பி வந்து மணலில் கால் வைக்கிறவரை நிறுத்தவில்லை. எலுமிச்சம்பழம் கொடுத்துப் பார்த்தார்கள். இஞ்சி கொடுத்துப் பார்த்தார்கள். சந்தியாகப்பர் கோயில் எண்ணெயைத் தொப்புளில் தடவிப் பார்த்தார்கள். ஐந்தாவது தடவை படகு நகருவதற்கு முன்பே எடுத்துவிட்டார். "இவன் கடலைப் படத்துல பாத்தாலே கக்குவான். விட்ருங்கப்பா" என்று அப்பா கைகழுவினார்.

கழுவிய கையை ஓர் அறக்கட்டளை பிடித்துக்கொண்டது. கடல்பொருள் அருங்காட்சியகத்தில் காட்சிக்கூட உதவியாளர். ஆவுளியா எலும்புக்கூட்டைத் துடைப்பது, ஜாடிகளில் மருந்துத் தண்ணீர் குறையாமல் பார்ப்பது, திமிங்கில விலா எலும்பில் ஏறி உட்காருகிற பிள்ளைகளை இறக்கிவிடுவது. புரட்டாசிக்குப் புரட்டாசி ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். இருபத்தெட்டு புரட்டாசி ஓடிவிட்டது.

இந்த இருபத்தெட்டு வருடத்தில் அருங்காட்சியகத்துக்கு வந்த பொருளில் பெரும்பகுதி வில்பிரட்டை நம்பி வந்தது. வலையில் ஏறிய பழைய நங்கூரம், வாய் உடைந்த ஜாடி, பேர் தெரியாத நண்டு என்று எது கிடைத்தாலும் கடல்காரர்கள் அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, அது கிடைத்த இடத்தையும் சொல்வார்கள்.

இதன் அருமை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இந்தக் கரையில் பெண் கொடுப்பார்கள், படகைக்கூட இரவல் கொடுப்பார்கள். மீன் அடைந்து கிடக்கிற பாரை மட்டும் சொல்ல மாட்டார்கள். பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. தாத்தா காலத்தில் கோபுரத்தையும் பனைமரத்தையும் ஒரு கோட்டில் வைத்து அடையாளம் பார்த்தார்கள். இப்போது ஜி.பி.எஸ். கருவி எண்ணாகக் காட்டுகிறது. கருவி மாறியதே தவிர மனசு மாறவில்லை. யாராவது வாய்விட்டுக் கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்வது மரியாதையில்லை. உள்ளதைச் சொல்வது புத்தியில்லை. ஆகவே தள்ளிச் சொல்வார்கள். குடும்பத்துக்கு ஓர் எண் உண்டு. சவேரியார் குடும்பத்து எண் ஏழு. தீர்க்கரேகைக் கணக்கில் ஏழு மினிட் மேற்கே தள்ளிச் சொன்னால், கேட்டவர் பதின்மூன்று கிலோமீட்டர் அப்பால் போய் வெறும் மணலில் வலை விடுவார். இதைப் பொய் என்று பாவசங்கீர்த்தனத்தில்கூட யாரும் சொன்னதில்லை. பங்குச்சாமி கேட்டாலும் ஏழு தள்ளித்தான் சொல்வார்கள்.

வில்பிரட்டிடம் மட்டும் தள்ளாமல் சொன்னார்கள். காரணம் அவருடைய நாணயம் இல்லை, வாந்தி. கடலுக்குப் போகவே முடியாதவனிடம் கடலைச் சொல்வதில் என்ன நட்டம்? அவரும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. எல்லாவற்றையும் கோடு போட்ட ஒரு நீள நோட்டில் எழுதி, ஆவுளியாவின் மண்டையோட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பொருள், முந்நூற்றுப் பன்னிரண்டு உண்மை. அந்த நோட்டின் விலை என்ன என்று கரைக்குத் தெரியும். அருங்காட்சியகத்துக்குத் தெரியாது.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஆடி மாதம் பயிற்சி வந்தது.

'அருங்காட்சியகப் பணியாளர்களுக்கான டிஜிட்டல் திறன் மேம்பாட்டு முகாம்.' மூன்று நாள். சென்னையிலிருந்து ஜெயப்பிரியா என்ற பயிற்சியாளர், தொண்ணூற்று நான்கு சிலைடுகளோடும் ஒரு பை ஸ்டிக்கரோடும் வந்திறங்கினார். பயிற்சி பெற வேண்டிய பணியாளர்கள் மொத்தம் மூன்று பேர். வில்பிரட், டிக்கெட் கொடுக்கிற வீரலட்சுமி, காவலாளி செல்லச்சாமி. செல்லச்சாமிக்குச் சொந்த ஊர் சிக்கல். அருங்காட்சியகத்தின் பின்னறையில் தங்கிக்கொண்டு, வாரம் ஒரு நாள் ஊருக்குப் போய் மனைவியையும் மிளகாய்ச் செடியையும் பார்த்துவிட்டு வருவார்.

"எல்லாரும் உங்க மனநிலையை ஒரே ஒரு ஈமோஜியில சொல்லுங்க பார்ப்போம்" என்று முகாமைத் தொடங்கிவைத்தார் ஜெயப்பிரியா.

வீரலட்சுமி டிக்கெட் கட்டைப் பார்த்தார். செல்லச்சாமி வாசலைப் பார்த்தார்.

"மேடம், காலையில சாப்பிடல. அதுக்குப் பொம்மை இருக்கா?" என்றார் வில்பிரட்.

சிரித்தபடியே ஜெயப்பிரியா முதல் சிலைடைப் போட்டார். தலைப்பு: 'தொடுதிரையைப் பயப்படாமல் தொடுவது எப்படி?' வில்பிரட்டின் கைபேசியில் காற்றின் வேகம் காட்டுகிற செயலி இரண்டும், அலை உயரம் காட்டுவது ஒன்றும் அப்போது ஓடிக்கொண்டிருந்தன. தினமும் காலையில் அண்ணனுக்கு வானிலை பார்த்துச் சொல்கிறவர் அவர்தான். இருந்தாலும் பயப்படாமல் தொடக் கற்றுக்கொண்டார். சான்றிதழில் அதுவும் ஒரு பாடம்.

இரண்டாம் நாள் எல்லாப் பொருளுக்கும் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஸ்டிக்கர் மிஞ்சிவிட்டது. மிச்சம் வைத்தால் கணக்கு உதைக்கும் என்றதால் தீயணைப்பு வாளிக்கும் செல்லச்சாமியின் ஸ்டூலுக்கும் ஒட்டினார்கள். இன்றும் அந்த ஸ்டூலைக் கைபேசியில் ஸ்கேன் செய்தால், 'அரிய வகை. அழியும் நிலையில் உள்ளது' என்று வரும். கடவுச்சொல்லை மறக்கக் கூடாது என்று ஜெயப்பிரியா மூன்று தடவை சொன்னதால், வீரலட்சுமி அதைப் பெரிய எழுத்தில் எழுதி டிக்கெட் கண்ணாடியில் வெளிப்பக்கம் பார்க்க ஒட்டிவைத்தார்.

மூன்றாம் நாள் செயலி. ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, பெயர், நீளம், அகலம், கொடுத்தவர் எல்லாம் நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்: 'கண்டெடுத்த இடம்.' அதை நிரப்பாவிட்டால் செயலி அடுத்த பொருளுக்கு நகராது.

"தெரியாதுன்னு போடலாமா மேடம்?"

"அந்த ஆப்ஷன் இல்ல சார். தெரியாதுங்கிறது டேட்டா இல்ல."

"தெரியும், ஆனா சொல்ல முடியாதுன்னு போடலாமா?"

ஜெயப்பிரியா அவரை அன்போடு பார்த்தார். "சார், இது உலகத்துக்கே திறந்து வைக்கிற மேப். பாரிஸ்ல உக்காந்திருக்கிறவரும் உங்க ஆவுளியா எங்க கிடைச்சுதுன்னு பார்க்கலாம். எவ்ளோ பெருமை!"

பாரிஸ்காரரைப் பற்றி வில்பிரட்டுக்குக் கவலையில்லை. அவருக்கு வலை கிடையாது. மண்டபத்துக்காரனும் பாம்பன்காரனும் பார்ப்பானே என்பதுதான் கவலை.

அறக்கட்டளைச் செயலாளர் ஹமீது சுல்தான் தபால் துறையில் ஓய்வு பெற்றவர். நல்ல மனுசர். ஆனால் பட்டியலில் விழுக்காடு என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் நிலைகொள்ளாதவர். சென்னையிலிருந்து வந்த பட்டியலில் மற்ற அருங்காட்சியகங்கள் நாற்பது, அறுபது என்று பச்சையாகிக்கொண்டிருக்க, இவர்களுடையது சுழியத்தில் சிவப்பாகக் கிடந்தது.

"வில்பிரட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு நான் வரும்போது நூறு இருக்கணும். இல்லைன்னா சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாதவங்களுக்கு இந்தப் புரட்டாசியில ஒப்பந்தம் கிடையாதுன்னு மேல இருந்து எழுதிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

"உங்க கையில இல்லைன்னா யார் கையிலய்யா இருக்கு?"

"செயலி கையில" என்றார் ஹமீது சுல்தான், வருத்தமாக.

அன்று சாயங்காலமே சேதி கரைக்குப் போய்விட்டது. சவேரியார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் உள்ளே வருவது அதுதான் முதல் தடவை.

"டிக்கெட்டு?" என்றார் வீரலட்சுமி.

"நான் குடுத்த நங்கூரத்தப் பாக்க எனக்கே டிக்கெட்டா? நல்லாருக்கு உங்க நியாயம்." நேராகத் தம்பியிடம் போனார். "ஏலே, அந்த நோட்டு எங்கன இருக்கு?"

"பத்திரமா இருக்குண்ணே."

"நோட்டுல இருக்கிறத போன்ல ஏத்துறியாமே? நம்ம அப்பா சாகக் கெடக்கையில காதுல சொல்லிட்டுப் போன பாரு அது. ஏத்திப் பாரு. நான் மட்டுமில்ல, கரையில ஒரு பய உன் மூஞ்சில முழிக்க மாட்டான்."

"ஏத்தலைன்னா எனக்கு வேலை போயிரும்ண்ணே."

"கடலுக்கு வா."

வில்பிரட்டுக்கு நின்ற இடத்திலேயே குமட்டியது. சவேரியார் ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

"சரி, கடல் வேண்டாம். ஆனா சந்தியாகப்பர் மேல சத்தியமா சொல்லு. ஒரு பாரும் வெளிய போகாது."

"போகாதுண்ணே" என்றார் வில்பிரட்.

வேலையும் போகக் கூடாது, சொன்ன சொல்லும் போகக் கூடாது. இருப்பதோ இரண்டு நாள். அவர் கண்டுபிடித்த வழியைக் கண்டுபிடிப்பு என்றே சொல்ல முடியாது. அந்தக் கரையில் பால் மறந்த பிள்ளைக்கும் தெரிந்த வழி. தள்ளிச் சொல்வது. பாரிஸ்காரர் கேட்கிறார், கேட்டவருக்கு இல்லை என்பது மரியாதையில்லை. குடும்பத்து எண் ஏழு. முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஏழு தள்ளிவிட்டால் செயலியும் பசியாறும், பாரும் பிழைக்கும்.

எல்லாம் சரிதான். படகில் இருக்கிற கருவி டிகிரி, மினிட் என்று காட்டும். செயலிக்கு அது பிடிக்காது. முழுவதையும் புள்ளி வைத்த ஒரே எண்ணாக மாற்றிக் கேட்கும். மாற்றித் தருவதற்கு ஒரு பொத்தானும் வைத்திருந்தார்கள். வில்பிரட் நோட்டைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினார், வந்த எண்ணில் புள்ளிக்கு அடுத்து நிற்கிற இலக்கத்தில் ஏழைக் கழித்தார், பதிந்தார். பொத்தான், கழி, பதி. மினிட்டில் ஏழு என்றால் பதின்மூன்று கிலோமீட்டர், கடலுக்குள்ளேயே அடங்கியிருக்கும். புள்ளிக்கு அடுத்த இடத்தில் ஏழு என்றால் எழுபத்தேழு கிலோமீட்டர். அது கடலில் அடங்காது. கரையேறி, வேலியைத் தாண்டி, மிளகாய்க் காட்டுக்குள் போய்விடும். மூன்று நாள் பயிற்சியில் இதற்கு ஒரு சிலைடு இருந்தது. எண்பத்தொன்பதாவது. அது வருவதற்குள் கரண்ட் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஹமீது சுல்தான் வந்தபோது பட்டியலில் நூறு. சென்னை வரைக்கும் அது ஒன்றுதான் நூறு. ஜெயப்பிரியா காணொளியில் கைதட்டினார். வில்பிரட்டுக்கு 'டிஜிட்டல் சாம்பியன்' என்று பட்டம் கொடுத்து, கழுத்தில் நீல நாடாவில் ஒரு வில்லையும் மாட்டினார்கள். ஒருவரும் வரைபடத்தைத் திறந்து பார்க்கவில்லை. விழுக்காடு நூறு ஆன பிறகு வரைபடத்தைப் பார்ப்பது சந்தேகப்படுவது மாதிரி ஆகிவிடும்.

சென்னையில் மட்டும் ஓர் அறிக்கை எழுதுகிறவர் பார்த்தார். பார்த்துவிட்டுத் திடுக்கிடவில்லை. 'உள்நாட்டுக் கடல் மரபு: ஒரு புதிய திறப்பு' என்று பதினோரு பக்கம் எழுதினார். அடுத்த வாரம் வரைபடம் ஊருக்குத் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு அடுத்த வாரம் செல்லச்சாமிக்கு ஊரிலிருந்து அவர் மனைவி சண்முகவள்ளி போன் செய்தார்.

"ஏங்க, நம்ம மிளகாக் காட்டுல சுறாப் பல்லு கெடக்காமே? நாலு பேரு டார்ச்சோட வந்து செடிய மிதிச்சுட்டுப் போயிட்டானுக. பதினோரு வருசமா அங்கன என்னத்தக் காவல் காக்குறீங்க?"

செல்லச்சாமி போனை வைத்துவிட்டு நேராக வில்பிரட்டிடம் வந்தார். கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரைபடத்தைத் திறந்து முன்னால் நீட்டினார்.

"அண்ணே, நீங்க ஆவுளியாவ எங்க வேணாலும் எறக்குங்க. திருவாடானை கோயில் தெப்பக்குளத்துல எறக்குங்க, யாரு கேக்கப்போறா? எங்க ஊருக் கண்மாயில ஏண்ணே எறக்குனீங்க?"

வில்பிரட் பார்த்தார். அவர் கண்ணுக்கு முதலில் சிக்கல் தெரியவில்லை. கடல் இல்லாதது தெரிந்தது. பிறகுதான் எந்த இலக்கத்தில் ஏழைக் கழித்தோம் என்று புரிந்தது. தீயணைப்பு வாளியை இழுத்துக் குனிந்தார். கரையில் உட்கார்ந்து அவருக்கு வந்த முதல் வாந்தி அதுதான்.

அது தெளிவதற்குள் அடுத்த கடிதம் வந்துவிட்டது. 'உள்நாட்டுக் கடல் மரபு' பார்க்க ஆய்வுக் குழு சிக்கலுக்கு வருகிறது. உடன் வரவேண்டியவர்: டிஜிட்டல் சாம்பியன். திருத்திப் போட்டால் உண்மை இடம் கேட்பார்கள். அண்ணனுக்குச் செய்த சத்தியம் போகும். திருத்தாவிட்டால் பொய்ப் பதிவு என்று சான்றிதழ் போகும், அதோடு புரட்டாசியும் போகும்.

பாம்பனில் ஜீப் ஏறுவதற்கு முன் செல்லச்சாமி அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நான் பாத்துக்கிறேன்ண்ணே. நீங்க வாயத் தொறக்காதீங்க. ஆனா ஒண்ணு. அந்த மண்டையோட்டுக்குப் பக்கத்துல பதினோரு வருசமா படுத்துக் கெடக்கேன். அது நெசமா எங்கன கெடச்சுச்சுன்னு ஒரு பய எனக்குச் சொன்னதில்ல. எனக்கு மட்டும் சொல்லணும்."

"சொல்றேன்" என்றார் வில்பிரட். ஜீப்பைப் பார்த்ததும் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

சிக்கலில் கரிசல் மண் வெடித்துக் கிடந்தது. ஜெயப்பிரியா கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தார். பின்னால் குடை பிடித்த இரண்டு நிபுணர்கள். அவர்களுக்குப் பின்னால், மரியாதையான தூரத்தில், தரகர் முனீஸ்வரனும் அவருடைய டேப்பும்.

"சார், இங்கதான் பவளம், பதிவு எண் நாற்பத்தேழு. சரியா?" என்று ஜெயப்பிரியா நின்றார். நின்ற இடத்தில் ஓர் ஆடு இருந்தது.

வில்பிரட் வாயைத் திறக்கவில்லை. செல்லச்சாமி முன்னால் வந்தார்.

"மேடம், ஆட்டப் பாக்காதீங்க, இந்தப் பக்கம் வாங்க" என்று கருவேல மரங்களுக்கு அந்தப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மேடு. கையால் தூசியைத் தள்ளினார். வெள்ளை வெளேரென்று கிளிஞ்சல். ஒன்று இரண்டு இல்லை, வண்டி வண்டியாக.

நிபுணர்களில் ஒருவர் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

"இது எவ்வளவு காலமா இங்க இருக்கு?"

"எங்க தாத்தா காலத்துலயும் கெடந்துச்சு சார்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எங்க தாத்தா இல்ல சார்."

சிக்கலில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அந்த இடம் ஊருக்கே சுண்ணாம்பு சுட்டுக் கொடுத்த பழைய காளவாசல். கிளிஞ்சலை மாட்டு வண்டியில் கடற்கரையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து கொட்டியது சுடத்தான். சுட்டது போக மிச்சம் கிடந்தது. செல்லச்சாமி ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். காளவாசலைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.

ஜெயப்பிரியா அறுபது படம் எடுத்தார். 'கள ஆய்வில் உறுதி செய்யப்பட்டது' என்று செயலியில் ஒரு பச்சைக் குறி விழுந்தது. முனீஸ்வரன் அதையும் பிளெக்ஸில் போட்டுக்கொண்டார்.

புரட்டாசியில் ஒப்பந்தம் புதுப்பித்துவிட்டார்கள். வில்பிரட் நிம்மதியாக மூச்சு விட்டார். விட்ட மூச்சு திரும்புவதற்குள் சவேரியார் வீட்டுக்கு வந்தார்.

படித்தவர்கள் பதினோரு பக்கம் எழுதியும் பார்க்காததை, ஐந்தாம் வகுப்போடு நின்ற சவேரியார் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார். கைபேசியைத் தம்பி முன்னால் வைத்தார்.

"ஏலே, இந்தப் புள்ளியெல்லாம் எப்பிடி வளைஞ்சு போகுதுன்னு பாரு. இது குருசடைத் தீவு. இந்தா இந்த இடைவெளி வாய்க்கால். இது நம்ம அப்பா பாரு. அப்பிடியே தூக்கிக் கொண்டுபோய் மொளகாக் காட்டுல வச்சிருக்க. எல்லாத்தையும் ஒரே அளவா தள்ளியிருக்கியேடா! கடல்காரன் எவனாச்சும் அப்பிடியே இழுத்துக் கடல்ல வச்சுப் பாத்தா முடிஞ்சுதே?"

வில்பிரட் சத்தியம் பண்ணின கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவர் மனைவி ஜோதிமேரி ஏலக்கூடத்துக்கு மீன் எடுக்கப் போனார். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கழித்து, கூடை நிறைய மீனும் முகம் நிறையச் சிரிப்புமாகத் திரும்பினார்.

"கரை பூராம் உங்க பேச்சுதான். எல்லாப் பயலும் போன்ல அந்தப் படத்தத்தான் நோண்டிக்கிட்டு இருக்கான். எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சு, ஒரே அளவா தள்ளியிருக்குன்னு."

"அய்யோ! எவனாச்சும் போய்ட்டானா?"

"எவன் போவான்? 'வில்பிரட்டு என்ன அம்புட்டு மடையனா? இருவத்தெட்டு வருசமா வாயத் தொறக்காதவன், பச்சப்புள்ள கண்டுபிடிக்கிற மாதிரியா தள்ளுவான்? இதுல வேற என்னமோ சூது இருக்கு. இழுத்து வச்சுப் பாக்கணும்னுதான் அப்பிடிப் போட்ருக்கான். போனா டீசல்தான் நட்டம்'னு அவனவன் சொல்றான். பாம்பன்காரன் ஒருத்தன், 'அவரு ஆழமான ஆளு மைனி'ங்கிறான் எங்கிட்ட. உங்களப் போயி!"

ஒரு படகுகூடப் போகவில்லை. அப்பா பார் இன்றைக்கும் சவேரியாருக்குத்தான் படி அளக்கிறது. உண்மை உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் போதும். பாரிஸ்காரருக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஆனால் வில்பிரட் எதிர்பாராதது ஒன்று நடந்தது. ஐப்பசியில் ஒருவர் கழுத்து நீண்ட ஜாடி ஒன்று கொண்டுவந்தார். வழக்கம்போல் சுற்றுமுற்றும் பார்த்தார், இடத்தைச் சொன்னார். வில்பிரட் நோட்டில் எழுதிவிட்டுப் பார்த்தால், அந்த இடத்தில் ஜாடி விழுந்து கிடக்க வழியே இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீர். அடுத்து வந்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். வாந்தி எடுக்கிற வில்பிரட்டிடம் உண்மையைச் சொன்ன கரை, ஆழமான ஆளிடம் தள்ளியே சொல்ல ஆரம்பித்துவிட்டது. பட்டமும் நீல நாடாவும் ஜாடிகளுக்கு மேலே ஆணியில் தொங்குகின்றன. முந்நூற்றுப் பதின்மூன்றிலிருந்து நோட்டில் உள்ளது எதையும் அவரே நம்புவதில்லை. செயலி நம்புகிறது. விழுக்காடு இன்னும் நூறுதான்.

செல்லச்சாமிக்குத் தர வேண்டியதும் அப்படியே நிற்கிறது. முதல் தடவை கேட்டபோது வில்பிரட் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தார். மனுசர் கைபேசியில் போட்டுப் பார்த்தார். உப்பூருக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தைக் காட்டியது. இரண்டாம் தடவை கொடுத்தது கடலில்தான் இருந்தது. ஆனால் அன்று ஜோதிமேரி டிபன் கொண்டுவந்தவர், "அது எங்க சவேரியார் மச்சான் எல்லாருக்கும் சொல்ற எடமாச்சே" என்று சொல்லிவிட்டார்.

வேண்டுமென்று செய்யவில்லை என்கிறார் வில்பிரட். உண்மையைத்தான் எழுத உட்காருகிறாராம். கை ஏழு தள்ளிவிடுகிறதாம்.

செல்லச்சாமியும் விடுவதாக இல்லை. காலையில் சாவியைக் கொடுக்கும்போது, "அண்ணே, அந்த ஆவுளியா?" என்கிறார்.

"வர்ற திங்கக்கெழமை" என்கிறார் வில்பிரட், ஜாடியைத் துடைத்தபடி.

திங்கட்கிழமைதான் செல்லச்சாமி ஊருக்குப் போகிற நாள்.